ஆள் இருப்பது குந்தாரப்பள்ளி! கம்ப்யூட்டர் இருப்பது பெங்களூர்!

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது, குந்தாரப்பள்ளி.

வெள்ளிக்கிழமை என்றால் இங்கே சந்தை. ஆடு, மாடு, கோழி எல்லாம் வரும். ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. தீபாவளி, பக்ரீத் சமயத்தில் கூட்டத்தைச் சொல்லி முடியாது. கர்நாடகத்தில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வியாபாரிகள் வருவார்கள்.

சந்தையில் ஒரு முறை உண்டு. ஆட்டை விற்க வேண்டுமானால், ஆட்டை ஓட்டி வர வேண்டும். வாங்க வேண்டுமானால், ஆள் நேரில் வர வேண்டும். பல்லைப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள்.

ஆனால், இந்த வட்டாரத்துக்கு இப்போது வேறு ஒரு வகை வேலை வந்து இருக்கிறது. அதில் ஆளும் போக வேண்டாம். பொருளும் வர வேண்டாம். ஆள், வீட்டில் உட்கார்ந்து இருப்பார். அவர் வேலை செய்யும் கம்ப்யூட்டர், பெங்களூரில் இருக்கும். நடுவே ஓடுவது ஒரு கம்பி!

இதற்கு, "ரிமோட் டெஸ்க்டாப்" என்று பெயர். தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டரை, வீட்டில் இருந்தபடி இயக்குவது என்று பொருள்.

இப்படி வேலை செய்கிறவர்களில் பலர், மேஜை மீது இரண்டு திரைகள் வைத்து இருப்பார்கள். அதைப் பார்க்கும் வீட்டுப் பெரியவர்கள், "ஒரு ஆளுக்கு எதுக்கம்மா ரெண்டு டி.வி.?" என்று கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். வாங்குவதற்குப் பணம் ஆகிறது. மேஜையில் இடம் அடைக்கிறது. ஒரு திரை போதாதா?

போதாது என்பதே பதில். அது ஏன் என்று பார்ப்போம்.

கண்ணாடியில் பார்ப்பது போல

முதலில், இந்த வேலை எப்படி நடக்கிறது?

ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டு இருக்கும். கணக்கு, கடிதம், படம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் தெரிய வேண்டிய படம் மட்டும், கம்பி வழியாக வீட்டுக்கு வரும்.

வீட்டில் இருப்பவர் ஒரு எழுத்தைத் தட்டுவார். அந்தத் தட்டல், கம்பி வழியாக ஆபீசுக்குப் போகும். அங்கே எழுத்து பதிவாகும். பதிவான எழுத்தின் படம் மீண்டும் வீட்டுக்கு வரும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

வேலை நடக்கும் இடம் ஆபீஸ். வீட்டில் தெரிவது அதன் நிழல். இதனால்தான் கம்பெனிகள் இந்த முறையை விரும்புகின்றன. கம்பெனி எல்லாவற்றையும் பூட்டி வைத்து இருந்தால், கணக்குப் புத்தகத்தின் ஒரு பக்கம்கூட வீட்டில் தங்காது.

ஒரு திரை ஏன் போதாது?

கணக்கு எழுதும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம்.

சரக்கு–சேவை வரி, 2017 ஜூலை 1-ந் தேதி வந்தது. அன்று முதல், ஒவ்வொரு பில்லையும் சரிபார்க்க வேண்டி இருக்கிறது. ஒரு பக்கம் பில் இருக்கும். மற்றொரு பக்கம், டாலி கணக்கு இருக்கும். எண் எண்ணாக ஒப்பிட வேண்டும்.

ஒரே திரை இருந்தால் என்ன ஆகும்? பில்லைத் திறந்து எண்ணைப் பார்க்க வேண்டும். மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பில்லை மறைத்துவிட்டுக் கணக்கைத் திறக்க வேண்டும். எண்ணைப் போட வேண்டும். மறந்துவிட்டால், மறுபடியும் பில்!

நாள் முழுவதும் இப்படியே திறப்பதும் மூடுவதுமாக இருந்தால், 8-ஐ 3 என்று படிக்க எத்தனை நேரம் ஆகும்?

இரண்டு திரை இருந்தால், இடது பக்கம் பில், வலது பக்கம் கணக்கு. தலையைச் சற்றுத் திருப்பினால் போதும்.

தையல்காரர் மேஜைக்கும் இதுதான் கதை. அளவுத் துணி ஒரு பக்கம், வெட்டும் துணி ஒரு பக்கம் விரித்து இருக்கும். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, யாராவது வெட்டுவார்களா?

எந்திரப் படம் வரைகிறவர், ஒரு திரையில் படத்தையும் மறு திரையில் அளவுப் பட்டியலையும் வைக்கிறார். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்கிறவர், ஒன்றில் கடிதத்தையும் மற்றொன்றில் அவருடைய பழைய கணக்கையும் வைக்கிறார். ஆபீசில் இவர்களுக்கு இரண்டு திரை கொடுத்து இருப்பார்கள். அதே வேலையை வீட்டில், ஒரு சின்ன மடிக் கம்ப்யூட்டரில் செய்யச் சொன்னால், கை பாதி கட்டப்பட்டது போலத்தான்.

11 வருடம் ஆயிற்று!

இந்த வசதி ஒரே நாளில் வந்துவிடவில்லை.

மைக்ரோசாப்ட் கம்பெனி, 1998-ல் "விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர்" என்பதை வெளியிட்டது. தொலைவில் உள்ள கம்ப்யூட்டரை விண்டோஸ் மூலம் இயக்கும் வழி, அதில் வந்தது. ஆனால், ஒரு திரைதான்.

2007-ல் "விஸ்டா" வந்தது. அதில் ஒரு தந்திரம் செய்தார்கள். வீட்டில் இரண்டு திரை இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே அகலத் திரையாக நினைத்துக்கொள்ளும்படி ஆபீஸ் கம்ப்யூட்டரை ஏமாற்றினார்கள்!

இதில் ஒரு தொல்லை. கம்ப்யூட்டர் ஏதாவது கேள்வி கேட்டால், அதை நட்ட நடுவில் காட்டும். நடு என்பது எது? இரண்டு திரைகளும் சேரும் இடம்! கேள்வியில் பாதி இந்தத் திரையில், பாதி அந்தத் திரையில். தவிர, இரண்டு திரைகளும் ஒரே அளவாக, பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2009 அக்டோபரில், "விண்டோஸ் 7" வந்தது. அதில்தான் உண்மையான பல திரை வசதி பிறந்தது. ஒவ்வொரு திரையையும் தனித்தனித் திரையாகவே ஆபீஸ் கம்ப்யூட்டர் புரிந்துகொண்டது. சிறியதும் பெரியதும் கலந்து இருக்கலாம். ஒன்றை நிற்க வைக்கலாம். ஒன்றைப் படுக்க வைக்கலாம். 16 திரைகள் வரை சேர்க்கலாம்!

இதில் ஒரு விந்தை உண்டு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு திரை மாட்டி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு திரைகூட இல்லாமல் இருந்தாலும் சரி. வீட்டில் எத்தனை திரையோ, அத்தனை திரைக்கு அது படம் அனுப்பும்.

ஆனால், "எனிடெஸ்க்", "டீம்வியூவர்" போன்ற மற்ற வழிகள் பெரும்பாலும் இப்படி அல்ல. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எத்தனை திரை மாட்டி இருக்கிறதோ, அதைத்தான் அவை காட்டும். இந்த வேறுபாடு தெரியாமல், வீட்டுக்குத் திரை வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

எப்படி அமைப்பது?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலில், வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு திரைகளையும் மாட்டி, இடது எது, வலது எது என்று வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசைதான் அப்படியே ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் போகும்.

பிறகு, "ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன்" என்பதைத் திறக்க வேண்டும். "ஷோ ஆப்ஷன்ஸ்" என்பதை அழுத்தி, "டிஸ்பிளே" பக்கத்துக்குப் போக வேண்டும். "யூஸ் ஆல் மை மானிட்டர்ஸ்" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். அதன் முன்னால் உள்ள கட்டத்தில் குறி போட வேண்டும். அவ்வளவுதான்.

இதை, ஆபீசோடு இணைவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இணைந்த பிறகு தேடினால், அந்தப் பக்கம் கிடைக்காது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் "விண்டோஸ் புரோ" அல்லது அதற்கு மேற்பட்ட வகை இருக்க வேண்டும். "ஹோம்" வகையாக இருந்தால், வெளியில் இருந்து யாரும் இந்த வழியில் உள்ளே நுழைய முடியாது. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர், "ஹோம்" வகையாக இருந்தாலும் பாதகம் இல்லை.

இதே பெயரில் மைக்ரோசாப்ட் கடையில் கிடைத்து வந்த தனிச் செயலி, 2025 மே 27-ந் தேதியோடு நிறுத்தப்பட்டது. அதனால் சிலர், "ரிமோட் டெஸ்க்டாப்பே போய்விட்டது" என்று நினைத்துவிட்டார்கள். அது தவறு. விண்டோசோடு சேர்ந்து வரும் பழைய "ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன்" நிறுத்தப்படவில்லை.

41 லட்சம் புள்ளிகள்

திரை இரண்டானால், கம்பிக்குச் சுமை கூடும்.

சாதாரணமாக ஒரு திரையில், குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் இருக்கும். பெருக்கினால், 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். இரண்டு திரைக்கு, 41 லட்சத்து 47 ஆயிரத்து 200!

இத்தனையும் ஒவ்வொரு நொடியும் வர வேண்டுமா? வேண்டாம். மாறிய இடத்தின் படம் மட்டுமே வரும். ஓர் எழுத்து தட்டினால், அந்த எழுத்து இருக்கும் சிறு இடம்தான் மாறும். அதனால் கணக்கு வேலைக்கு, இரண்டு திரையும் பெரிய சுமை அல்ல. ஒரு திரையில் சினிமாப் படம் ஓடினால்தான் கம்பி திணறும்.

தூரம் ஒரு தடையா? குந்தாரப்பள்ளிக்கும் பெங்களூருக்கும், ஏறக்குறைய 80 கிலோ மீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடியில், ஏறத்தாழ 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடும். 80 கிலோ மீட்டரைக் கடக்க, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அப்படியானால் சில வீடுகளில் எழுத்து தாமதமாக விழுவது ஏன்? பெங்களூர் தூரத்தில் இருப்பதால் அல்ல. வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பி சரியில்லை. அல்லது, செல்போன் கோபுரத்தில் நெரிசல். அல்லது, பக்கத்து அறையில் பிள்ளைகள் அதே இணைப்பில் படம் பார்க்கிறார்கள்!

தமிழ்நாட்டில், 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டம் போடப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து தெருவுக்கும் வீட்டுக்கும் வர வேண்டும். கிராமத்து வேலைவாய்ப்பு, அந்தக் கடைசிக் கம்பியில்தான் தொங்குகிறது.

எல்லை மூடிய நாட்கள்

இந்த வட்டாரத்துக்கு, இது மற்ற ஊர்களைவிட முக்கியம். காரணம், மாநில எல்லை.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு, இந்தப் பக்கத்தின் முகமே மாறியது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்தன. தொழிற்சாலை வேலைக்கு ஆள் நேரில் போகத்தான் வேண்டும். கம்பெனி பஸ், காலையும் மாலையும் வரும்.

ஆனால், கம்ப்யூட்டர் வேலை பெங்களூரில் குவிந்தது. எலெக்ட்ரானிக் சிட்டி, ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. இடையில், அத்திப்பள்ளி எல்லை. தினமும் ஆயிரக்கணக்கான பேர், அதைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறார்கள்.

2016 செப்டம்பரில் என்ன நடந்தது? காவிரித் தகராறு வெடித்தது. பெங்களூரில், தமிழ்நாட்டுப் பஸ்கள் கொளுத்தப்பட்டன. எல்லையில் பஸ் போக்குவரத்து நின்றது. மூட்டை முடிச்சுகளோடு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஜனங்கள் அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் இடையே நடந்தார்கள்.

2020 மார்ச் 25-ந் தேதி, கொரோனாவால் நாடே முடங்கியது. எல்லையைத் தாண்டப் பாஸ் வேண்டும் என்றார்கள். இரண்டு மாநிலப் போலீசும் தடுப்பு வைத்தார்கள்.

அந்த நாட்களில் வேலையை இழக்காதவர்கள் யார்? கம்பி வழியாகப் போக முடிந்தவர்கள்! ஆளைத் தடுக்கலாம், பஸ்சைத் தடுக்கலாம். திரையில் வரும் படத்துக்குச் சோதனைச் சாவடி இல்லை.

வாசலைத் திறந்த சட்டம்

கொரோனாவுக்கு முன்பு, டெலிபோனில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும் கம்பெனிகள், ஊழியரை நினைத்தபடி வீட்டில் இருந்து வேலை செய்ய வைக்க முடியாது. டெலிபோன் இலாகாவின் அனுமதி, உத்தரவாதத் தொகை, தனி இணைப்பு என்று பல கட்டுப்பாடுகள் இருந்தன.

2020 மார்ச்சில், இவை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. 2020 நவம்பர் 5-ந் தேதி, மத்திய சர்க்கார் புதிய விதிகளை வெளியிட்டது. வீட்டில் இருந்தும், எந்த ஊரில் இருந்தும் வேலை செய்யலாம் என்று நிரந்தரமாக வழி திறந்தது.

ஆனால், திறந்த வாசல் இப்போது பாதி சாத்தப்படுகிறது.

டி.சி.எஸ். கம்பெனி, 2020-ல் ஒரு திட்டத்தைச் சொன்னது. 2025-ல் 100-க்கு 25 பேர் ஆபீசுக்கு வந்தால் போதும் என்றது. அதே கம்பெனி, 2023 அக்டோபர் முதல், வாரத்தில் 5 நாளும் ஆபீசுக்கு வரச் சொன்னது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் தலைமை ஆபீஸ் வைத்து இருக்கும் இன்போசிஸ், 2025 மார்ச் 10-ந் தேதி முதல் ஓர் ஏற்பாடு செய்தது. குறிப்பிட்ட நிலை வரை உள்ள ஊழியர்கள், மாதத்தில் 10 நாளாவது ஆபீசுக்கு வர வேண்டும் என்றது.

கம்பெனிகள் சொல்லும் காரணங்களைத் தள்ளிவிட முடியாது. புதிதாகச் சேர்ந்தவர், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் தொழில் பழகுவார். ஆனால், பழகியவர் அல்லவா? குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்ட பெண் அல்லவா? கால் ஊனமுற்றவர் அல்லவா? இவர்களுக்கு அந்த வாசல் மூடாமல் இருப்பது பெரிய விஷயம்.

"வீட்டில் வேலை மந்தமாக நடக்கிறது" என்று குறை சொல்லும் கம்பெனி, ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆபீசில் இரண்டு திரை கொடுத்தோம். வீட்டுக்கு எத்தனை கொடுத்தோம்?

செலவு யாருடையது?

ஒரு நடுத்தரத் திரை, ஏழெட்டாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அது வேலைக் கருவி. கொத்தனாருக்குக் கரண்டி போல. கம்பெனி வேலைக்கு என்றால், கம்பெனியிடம் கேட்பதில் வெட்கம் இல்லை. வேலைக்குச் சேரும்போதே, "வீட்டுக்குத் திரை கொடுப்பீர்களா? இணைப்புக்குப் பணம் உண்டா?" என்று கேட்டுவிட வேண்டும்.

மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. ஒரு திரைக்கு 25 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம் எரிந்தால், 5 நாளைக்கு ஒரு யூனிட். மாதத்தில் 25 நாள் வேலை என்றால், 5 யூனிட்தான்.

கரண்ட் திடீரென்று போனால், வேலை அழிந்துவிடுமா? அழியாது. வேலை நடப்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில் அல்லவா? வீட்டில் திரை அணைந்தாலும், அங்கே எல்லாம் விட்ட இடத்தில் நிற்கும். கரண்ட் வந்ததும், மறுபடி இணைந்தால் போதும். ஆனால் நேரம் வீணாகும். சிறிய யு.பி.எஸ். ஒன்று இருப்பது நல்லது.

திருடனுக்கும் இதே வழி!

ஆபீசுக்குள் நுழைய ஒரு வழி இருந்தால், திருடனும் அந்த வழியைத் தேடுவான்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் கதவுக்கு, 3389 என்று எண். உலகத்துக்கே தெரிந்த எண் இது. சில சிறு கம்பெனிகள் இந்தக் கதவை நேராக இன்டர்நெட்டில் திறந்து வைத்துவிடுகின்றன. இது, சந்தையில் பணப்பையைத் திறந்து வைப்பது போன்றது. 2019 மே மாதம், பழைய விண்டோஸ்களில் இந்த வழியில் "புளூகீப்" என்ற பெரிய ஓட்டை இருப்பது வெளிவந்தது. கைவிடப்பட்ட எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாப்ட் அவசரமாக மருந்து கொடுக்க வேண்டி வந்தது.

"வி.பி.என்." என்னும் தனிப் பாதை வழியாக மட்டுமே நுழைய விட வேண்டும். கடவுச்சொல்லோடு, செல்போனுக்கு வரும் எண்ணும் கேட்கும்படி வைக்க வேண்டும். இது கம்பெனியின் பொறுப்பு.

குடும்பத்தின் பொறுப்பு ஒன்று உண்டு. டெலிபோனில் யாரோ, "பாங்கியில் இருந்து பேசுகிறேன். இந்தச் செயலியைப் போடுங்கள். உங்கள் திரையை நான் பார்த்துச் சரி செய்கிறேன்" என்பான். போட்டால், பணம் போய்விடும்! எனிடெஸ்க் செயலியை மோசடிக்காரர்கள் இப்படிப் பயன்படுத்துவதாக, ரிசர்வ் பாங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. செயலி மீது குற்றம் இல்லை. முகம் தெரியாதவனுக்குத் திரையைத் திறந்ததே குற்றம்.

பணம் போனால், உடனே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். தாமதிக்கக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அதிகம் பார்க்கும் திரையை நேர் எதிரே வைக்க வேண்டும். மற்றதை அதை ஒட்டிப் பக்கத்தில், சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். நாள் முழுதும் கழுத்தைத் திருப்பியபடி வேலை செய்தால், இரவில் வலிக்கும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தெருவில் போகிறவர் கண்ணுக்கும் திரை தெரியக் கூடாது. அதில் இருப்பது, அடுத்தவர் கணக்கு.

மருமகள் வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தால், சும்மா இருக்கிறாள் என்று நினைக்கக் கூடாது. "அந்த அரிசியை ஊற வை", "வாசலில் யார் பார்" என்று நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டால், 8 மணி நேர வேலை 12 மணி நேரம் ஆகும். அவள் உட்கார்ந்து இருப்பது வீட்டில்தான். ஆனால் வேலையில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்து, இரண்டு திரையையும் அணைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு, கம்பெனியும் கூப்பிடக் கூடாது.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று, 2024 ஜூன் 27-ந் தேதி தமிழகச் சட்டசபையில் அறிவிப்பு வந்தது. விமானம் வரட்டும், நல்லதுதான். ஆனால், அதற்கு வருடங்கள் ஆகும். கண்ணாடி இழைக் கம்பி வீட்டுக்கு வர, ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். ஒரு கம்பம் போதும்.

சர்க்கார் கம்பியைக் கொடுக்கட்டும். கம்பெனி திரையைக் கொடுக்கட்டும். குடும்பம், ஒரு மேஜையும் அமைதியும் கொடுக்கட்டும். இந்த மூன்றும் சேர்ந்தால், படித்த பெண் வேலைக்காக ஊரை விட வேண்டாம். ஊருக்காக வேலையை விடவும் வேண்டாம்.